பூத்தையற் சட்டையும் கணக்கில் வராத கூலியும்

சென்ற ஆறு திங்களாக யாம் ஒரு சட்டை தைத்தோம். ஒரு சட்டைக்கு ஆறு திங்களா என்று நேயர்கள் நகைப்பின், அந்நகைப்பைத் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறோம். தேர்ந்த கை சில வாரங்களில் முடிக்கும் வேலையை எழுபதைக் கடந்த எம் கை ஆறு திங்கள் இழுத்தது உண்மையே. ஆயினும் அச்சட்டையைத் தைத்து முடிப்பதற்குள் எமக்கு விளங்கிய சில செய்திகள், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம்மவர்க்குப் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே அண்டை வீட்டு நண்பர் ஒருவர் வேலியருகே நின்று, "ஐயா, பெண்பிள்ளைகள் வேலையை நீங்கள் ஏன் எடுத்துக்கொண்டீர்கள்? வீட்டில் யாருக்கேனும் உடம்புக்குச் சுகமில்லையா?" என்று இரக்கத்தோடு வினவினார். அவர் அன்று அணிந்திருந்த காற்சட்டை சிரம்பான் கடைத்தெருவில் ஓர் ஆண் தையற்காரர் தைத்துக் கொடுத்தது. அத்தையற்காரரைப் பார்த்து அவர் ஒருநாளும் இவ்வாறு கேட்டிரார். கடையில் அமர்ந்து கூலிக்குத் தைத்தால் அது ஆண்மகனின் தொழில். வீட்டில் அமர்ந்து கூலியின்றித் தைத்தால் அது பெண்ணின் கடமை. ஊசி ஒன்று, நூல் ஒன்று. இடையே நிற்பது கூலி ஒன்றுதான். அன்று அவர்க்கு விடை கூற எமக்கு நா எழவில்லை. விடை எம் வீட்டு வரலாற்றிலேயே கிடந்தது.

சிரம்பானிலிருந்து கோலாப் பிலாவுக்குச் செல்லும் சாலையில் அம்பாங்கானைக் கடந்தவுடன் வருவது பாரோய். இற்றை நாளில் அவ்வழிச் செல்வோர் காண்பவை வரிசை வீடுகளும், கடைகளும், பெரிய பந்தாட்ட அரங்கமுமே. யாம் சிறுவராயிருந்த நாளில் இப்பக்கமெங்கும் பால்மரம் நின்றது. விடியுமுன் பெரட்டுக்குத் தட்டும் ஓசையும், அதன்பின் கத்தியும் வாளியுமாக இருளில் நடந்து செல்லும் பெண்டிரின் பேச்சொலியும் இன்னும் எம் செவியில் உள்ளன. எம் அன்னையார் அவருள் ஒருவர். பால்மரம் சீவுவோர் உடையை அறியாத பட்டணத்து நேயர்க்காகச் சொல்லுகிறோம்: கொசுக்கடிக்கு அஞ்சிச் சேலைமேல் ஆடவரின் பழைய நீண்டகைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துணி சுற்றிக்கொண்டு செல்வர். பால் சிந்திய இடமெல்லாம் துணி விறைத்துக் கறுத்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் அக்கறை போகாது, நாற்றமும் போகாது. தோட்டத்துப் பெண்ணின் சட்டை என்றால் எம் நினைவில் முதலில் வருவது அதுவே.

அன்னையார் நண்பகலில் வேலை முடித்து வந்து, சமைத்து, மாலையில் தையல் யந்திரத்தின் முன் அமர்வார். காலால் மிதிக்கும் அந்தப் பழைய சிங்கர் யந்திரத்தைப் பட்டணத்தில் ஒருவரிடமிருந்து சிறுகச் சிறுகப் பணங்கொடுத்து வாங்கினார். லயத்துப் பெண்டிர்க்கெல்லாம் இரவிக்கை தைத்தது அதிலேதான். எம்மினும் மூன்று ஆண்டு மூத்தவராகிய அக்காள், தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த 1962-ஆம் ஆண்டில், அன்னையார்க்குத் துணையாக அந்த யந்திரத்தின் அருகே அமர்த்தப்பட்டார். அவர் வகுப்பில் முதலாக நின்ற மாணவி. அடுத்து எம் முறை வந்தது. யாம் வகுப்பில் முதலாக நின்றதில்லை. ஆயினும் யாம் ஆண்பிள்ளை. ஆதலின் 1966-ஆம் ஆண்டில் சிரம்பானுக்குப் புகுமுக வகுப்புக்கு அனுப்பப்பட்டோம். பேருந்துக் கட்டணம், வெள்ளைச் சீருடை, காலணி, நூல்கள் ஆகிய அனைத்தும் அந்த யந்திரத்தினின்றே வந்தன. எம் சீருடையைத் தைத்தவரும் அக்காளே. இதனை அந்நாளில் யாம் ஒரு செய்தியாகவே கருதியதில்லை. காற்று வீசுவதையும் மழை பெய்வதையும் யாரேனும் எண்ணிப் பார்ப்பரோ?

கிராணியாரின் மனைவியார் மலாக்காவிலிருந்து வந்தவர்; செட்டி மரபினர். 1965-ஆம் ஆண்டில் ஒருநாள், கைப்புறம் கிழிந்த தம் பழைய சட்டை ஒன்றைச் செப்பனிட அன்னையாரிடம் கொடுத்தனுப்பினார். கெபாயா என்று மலாய்க்காரரும் பெரனாக்கான் சீனரும் வழங்கும் முன்திறப்புச் சட்டை அது. காற்றில் பறக்கும் மெல்லிய வெள்ளைத் துணி. கழுத்திலிருந்து இறங்கி முன்னோரங்களிலும் கீழோரத்திலும் கைமுனைகளிலும் பூவும் கொடியும் தையலாலேயே வரைந்திருந்தன. சில இதழ்களின் இடையே துணியை வெட்டிச் சாளரம்போல் துளைகள் விட்டிருந்தனர். அக்காள் அதனை விளக்கொளியில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அதனைப் பாயில் விரித்து, மேலே ஒரு மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். தையலின் மேடு தாளில் பூவாக எழுந்தது. "அம்மா, தீபாவளிக்கு எனக்கு இப்படி ஒரு சட்டை தைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். அன்னையார் வாய் திறக்குமுன், வாயிலில் அமர்ந்திருந்த தந்தையார், "மரம் சீவப் போகிறவளுக்குப் பூச்சட்டை எதற்கு?" என்றார். அவர் கடிந்து பேசவில்லை, கேலி செய்யவுமில்லை. எல்லாரும் அறிந்த ஒன்றை நினைவூட்டுவார்போல் கூறினார். அக்காள் தாளை மடித்து யந்திரத்தின் இழுப்பறையில் வைத்தார். மறு ஆண்டு மரம் சீவப் போனார்.

"பூச்சட்டை எதற்கு" என்னும் அச்சொல்லுக்கு நம்மவரிடையே நீண்ட வரலாறு உண்டு. எம் பாட்டியார் தென்னாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தபோது இரவிக்கை அணிந்து வந்தவரல்லர். இந்நாட்டிற்கு வந்த பின்னரே அணியக் கற்றார். அவர் தலைமுறைப் பெண்டிர் சிலர் வறுமையால் அணியவில்லை; சிலர் வழக்கத்தால் அணியவில்லை; சிலரைச் சாதி அணியவிடவில்லை. திருவிதாங்கூர் நாட்டில் நடந்ததை நேயர்கள் அறிதல் வேண்டும். அங்கு நாடார் முதலிய வகுப்புப் பெண்டிர் மார்பை மறைத்தல் ஆகாது என்று உயர்சாதியார் தடுத்து வந்தனர். 1814-ஆம் ஆண்டளவில் கிறிஸ்தவம் சார்ந்த நாடார் பெண்டிர் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று அரசு இசைந்தது. அதற்குமேல் தோட்சேலை இடுதலை 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம் தடுத்தது. கடைத்தெருவில் பெண்டிரின் உடை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, பள்ளிகள் எரிந்தன. முடிவில் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள், உத்திரம் திருநாள் மன்னர் எல்லா நாடார் பெண்டிரும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று பிரகடனம் செய்தார். அப்பொழுதும், உயர்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்னும் விலக்கு அதிலேயே இருந்தது. மறைத்துக்கொள், அழகு செய்துகொள்ளாதே! அரசன் எழுத்தில் வைத்த அவ்விலக்கையே எம் தந்தையார் அறியாமல் லயத்து வாயிலில் அமர்ந்து மீண்டும் கூறினார் என்பது எம் கருத்து.

அதே நிலத்தில் அதே காலத்தில் நிகழ்ந்த வேறொன்றையும் கூறுதல் முறை. 1819-ஆம் ஆண்டு நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் துரையின் மனைவியார் மார்த்தா மால்ட், அங்குப் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். பின்னிய லேசுக்குக் கூலி கிடைத்தது. அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் அக்கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டிலேயே என்பதை நினைவிற் கொண்டால், அந்த லேசின் மதிப்பு விளங்கும். கையில் வந்த கூலி அப்பெண்டிர்க்கு விடுதலை கொடுத்தது. எம் அக்காள் தையலின் கூலியோ, அவர் கையில் தங்காமல் எம் காலணியாக மாறிச் சிரம்பானுக்குப் பேருந்தேறியது.

அன்னையார் 1998-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொருள்களுள் யந்திரம் ஒன்றே மதிப்புடையது. "அது மகன் வீட்டிற்குப் போகட்டும்" என்று உறவினர் கூடிச் சொல்லினர். அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. யந்திரம் எம் வீட்டிற்கு வந்தது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத எமக்கு அது வந்தது! யாம் அதன்மேல் ஒரு விரிப்பை இட்டுப் பூச்சாடி வைத்தோம். யாம் வாழும் இந்நெகிரி செம்பிலானில், மலாய்க்காரரின் பெர்பாத்தே வழக்கப்படி, மரபு நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்லும். அவர்தம் வீட்டு விருந்துகளில் யாம் பல்லாண்டு உண்டிருக்கிறோம். அவ்வழக்கத்தின் நேர்மையைப் பாராட்டியும் பேசியிருக்கிறோம். ஆயினும் எம் கூடத்துப் பூச்சாடியின் அடியில் இருந்தது யாருடைய பொருள் என்று எமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

சென்ற ஆண்டில் வீட்டிற்கு வண்ணம் பூசுவதற்காக யந்திரத்தை நகர்த்தினோம். இழுப்பறை கழன்று விழுந்தது. பாபின்களுக்கும் துருப்பிடித்த ஊக்குகளுக்கும் நடுவே மடித்த தாள் ஒன்று கிடந்தது. விரித்தோம். பென்சிலில் எழுந்த பூ, அறுபது ஆண்டு கடந்தும் அழியாமல் இருந்தது. அன்றிரவு எமக்கு உறக்கம் இல்லை. எம்மால் தைக்க முடிந்தால் அந்தச் சட்டையைத் தைத்து அக்காளிடம் கொடுப்பது என்று முடிவு செய்தோம். கடையில் வாங்கிவிடலாமே என்று வீட்டார் கூறினர். வாங்கிக் கொடுத்தால் எம் பணம் செலவாகுமேயன்றி, அக்காள் செலவிட்டது எதுவென்று எமக்கு விளங்காது.

"தமிழச்சிக்குக் கெபாயா எதற்கு?" என்று கேட்டவரும் உண்டு. மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் வாழும் செட்டி மக்கள், சுல்தான்களின் காலத்தில் வணிகம் செய்ய வந்து இந்நாட்டுப் பெண்டிரை மணந்த தமிழரின் வழியினர். அவர்கள் மலாய் பேசுவர். சிவனையும் விநாயகரையும் வழிபடுவர். அவர்தம் மகளிர் கெபாயா அணிவர். பல நூற்றாண்டாகத் தமிழ் மரபினர் அணிந்து வரும் உடை நமக்குப் புறம்பானது ஆகுமோ? 2024-ஆம் ஆண்டு டிசம்பரில், புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்ததன்பேரில், கெபாயாக் கலையை யுனெஸ்கோ மன்றம் மனிதகுல மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. எந்த ஒரு நாடும் எனக்கே உரியது என்று கூறாத உடை அது.

இனித் தையலுக்கு வருவோம்.

யந்திரம் ஸ்காத்லாந்தில் கிளைட்பாங்க் என்னும் ஊரில் செய்யப்பட்டது. மாதிரி எண்ணில் உள்ள 'கே' என்னும் எழுத்து அதற்கு அடையாளம். 1885-இல் திறந்த அத்தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது; அது செய்த யந்திரமோ எண்ணெயிட்டுத் தோல் வாரை மாற்றியவுடன் ஓடத் தொடங்கியது. ஓட்டுவதற்கு யாம் பட்ட பாடு வேறு. கால் மிதிப்புக்கும் கைச்சக்கரத்திற்கும் இசைவு வேண்டும். சக்கரம் சற்றே பின்னோக்கிச் சுழன்றாலும் நூல் அறும். முதல் பத்து நாள் வெறுந்தாளில், நூலில்லாத ஊசியால் கோடு துளைத்துப் பழகினோம்.

துணிக்கு வாயில் என்று வழங்கும் மெல்லிய பருத்தியை வாங்கினோம். வெட்டுமுன் நீரில் நனைத்துச் சுருங்கவிட்டு உலர்த்துதல் வேண்டும். இன்றேல் தைத்த பின் முதல் வெளுப்பிலேயே சட்டை சிறுத்துவிடும். பிறகு அரிசிக் கஞ்சியிட்டு விறைப்பாக்கினோம். மெல்லிய துணி ஊசியின் அடியில் சுருளாமல் நிற்பதற்கு அக்கஞ்சியே துணை.

அளவெடுப்பதில்தான் முதல் அடி விழுந்தது. அக்காளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தமையின், அவர் மருமகளிடம் சொல்லி, அவருக்கு நன்கு பொருந்தும் பழைய இரவிக்கை ஒன்றை வாங்கி வந்தோம். அதனை அவரே தமக்குத் தைத்துக்கொண்டவர். மேசைமேல் நடுவே மடித்து இரு தோள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம், பொருந்தவில்லை. எம் பிழை என்று எண்ணி மீண்டும் மடித்தோம். பொருந்தவில்லை. வலத்தோள் இடத்தோளினும் அரை அங்குலம் தாழ்வாக வெட்டப்பட்டிருந்தது. அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. காண்டாக் கம்பில் பால்வாளிகளைத் தூக்கித் தூக்கி அவர் வலத்தோள் தாழ்ந்துவிட்டது. அதனை எவரிடமும் கூறாமல், தம் இரவிக்கை ஒவ்வொன்றிலும் அத்தாழ்வுக்கு ஏற்ப அரை அங்குலம் குறைத்துத் தைத்து, ஊர்க்கண்ணுக்கு நேராக நின்றிருக்கிறார். எழுபது ஆண்டுக்கு மேலாக அக்காள் என்று அழைத்தவரின் தோள் எத்தகையது என்று ஒரு பழைய இரவிக்கை எமக்குச் சொல்லிற்று. அன்று அதற்குமேல் கத்தரியை எடுக்க எம்மால் இயலவில்லை.

கெபாயாவின் வெட்டு எளிதுபோல் தோன்றும். பித்தான் இல்லை, காஜா இல்லை, முன்னோரங்களைச் சேர்த்துப் பிடிப்பவை கெரோங்சாங் என்னும் மூன்று அணியூக்குகள். முன்பாகம் இரண்டும் கீழே கூர்ந்து தொங்கும். அக்குளில் ஒரு சிறு துண்டு இணைக்கப்படும். அது இல்லையேல் கையைத் தூக்கினால் சட்டை முழுதும் மேலே ஏறிவிடும். அத்துண்டை யாம் நான்கு முறை பிரித்தோம்.

பூவேலை தொடங்கியதும் யந்திரம் வேறொரு கருவியாக மாறிவிடுகிறது. துணியை அமுக்கும் காலைக் கழற்றிவிட வேண்டும். துணியை முன்தள்ளும் பற்களைத் தாழ்த்திவிட வேண்டும். இப்பொழுது துணியை நகர்த்துவது யந்திரமன்று. தைப்பவரின் இரு கைகள். கைப்பூவேலையில் துணி வளையத்தின் மேற்புறம் விறைத்து நிற்கும். யந்திரப் பூவேலையிலோ வளையத்தின் அடிப்புறம் தட்டையாகப் படிந்திருக்க வேண்டும். வளையத்தை இருகையாலும் பற்றி, ஊசி ஏறியிறங்கும் வேகத்திற்கு ஏற்ப இடமும் வலமும் ஆட்டினால் இதழ் நிறையும். ஊசி அசையாமல் ஓரிடத்தில் நின்று குத்தும். ஓவியம் அதன் அடியில் அசைந்துகொண்டேயிருக்கும். பேனாவை நிறுத்திவைத்துத் தாளை நகர்த்தி எழுதினால் எப்படியோ, அப்படி.

முதற்பூவில் ஊசியின் அடியே நூல் பறவைக்கூடுபோல் சிக்கிக்கொண்டது. இரண்டாம் பூவிலும் அவ்வாறே. யந்திரம் பழுதென்று அதன்மேல் பழி போட்டோம். மூன்று நாள் கழித்தே காரணம் தெரிந்தது. காலைக் கழற்றினாலும் அதனைத் தாழ்த்தும் நெம்பியைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் மேல்நூலுக்குப் பிடிப்பு இல்லை. இல்லாத காலை இருப்பதுபோல் தாழ்த்தி வைக்கும் இச்சிறு நுட்பத்தைப் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி மண்ணெண்ணெய் விளக்கின் முன் தானே கண்டுபிடித்திருப்பாள். அவளை யாரும் கெட்டிக்காரி என்று சொல்லியிருக்கமாட்டார்.

துளைவேலை அதனினும் கடுமையானது. தெபோக் லூபாங் என்று மலாயில் பெயர். இதழின் விளிம்பை இருமுறை தைத்து, உட்பகுதித் துணியைக் கூர்முனைக் கத்தரியால் நறுக்கி எடுத்து, வெட்டிய ஓரத்தை மூடி மீண்டும் தைக்க வேண்டும். கத்தரி ஒரு நூலளவு தவறினால் விளிம்புத் தையல் அறும், பூ கிழிசலாகும். இடமுன்பாகத்தின் மூன்றாம் பூவில் எமக்கு அவ்வாறே ஆயிற்று. அதனை மறைக்க ஓர் இலையைச் சேர்த்துத் தைத்தோம். அக்காளின் தாளில் இல்லாத இலை அது ஒன்றே.

மாலை மங்கிய பின் எம்மால் தைக்க இயலவில்லை. மின்விளக்கின் அடியிலும் கண் எரிந்தது. அக்காள் நாற்பது வயதிற்குள்ளேயே தடித்த கண்ணாடி போட்டதன் பொருளும் அப்பொழுது விளங்கிற்று. ஒருநாள் தாளெடுத்துக் கணக்குப் பார்த்தோம். வாரத்திற்கு எட்டு இரவிக்கை என்று கொண்டால் ஆண்டிற்கு ஏறத்தாழ 400; யாம் பள்ளியில் படித்த ஆறு ஆண்டிற்கு 2400. அன்னையாரும் அக்காளும் பாதிப் பாதியாகத் தைத்தனர் என்றாலும் அக்காளின் பங்கு 1200. இரவிக்கைக்கு ஒரு வெள்ளி கூலி. எம் கல்வியின் விலை என்று யாம் இதுவரை எண்ணியிருந்தது எம் உழைப்பு ஒன்றையே. கணக்கில் முதல் வரியே விடுபட்டிருந்தது.

தையல் யந்திரத்தின் வரலாற்றிலும் இக்கணக்குப் பிழை உண்டு. 1830-இல் பிரான்சு நாட்டுத் திமோனியே என்பவர் தையல் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பாரிசுத் தையற்காரர்கள் கூடி அவர் பட்டறையில் இருந்த யந்திரங்களை உடைத்தெறிந்தனர். தம் கூலி போய்விடும் என்று ஆடவர் அஞ்சினர். அவர் அச்சம் வரலாற்றில் ஏறிற்று. 1843-இல் தாமஸ் ஹூட் என்னும் ஆங்கிலப் புலவர், சட்டை தைத்துக் கண்ணும் கையும் தேய்ந்த ஏழைப் பெண் ஒருத்தியைப் பாட்டாகப் பாடினார். அப்பாட்டு ஏறிற்று, பாட்டினுள் அப்பெண்ணுக்குப் பெயர் இல்லை. 1851-இல் ஐசக் சிங்கர் தம் யந்திரத்திற்கு உரிமை பெற்றார். 1856-இல் அவர் நிறுவனம் தவணை முறையைத் தொடங்கவே, ஏழை வீடுகளிலும் யந்திரம் புகுந்தது. யந்திரங்களை ஐயுற்ற காந்தியடிகள்கூட 1924-ஆம் ஆண்டில் இதற்கு விலக்களித்தார். மனைவி தைத்துத் துன்புறுவதைக் கண்டு இரங்கிச் சிங்கர் இதனைச் செய்தார் என்று அவர் கருதினார். ஒரே காலத்தில் பல பெண்டிரோடு குடும்பம் நடத்திய சிங்கரின் வரலாற்றை அறிந்தோர்க்கு அது இயல்பாகத் தோன்றாது. யந்திரம் பெண்ணின் விரலுக்கு ஓய்வு தந்தது மெய். ஆனால் மிஞ்சிய நேரத்தையும் தையலுக்கே கேட்டு வாங்கிக்கொண்டது. முன்பு வீட்டார்க்கு மட்டும் தைத்தவள் இப்பொழுது ஊரார்க்கும் தைத்தாள். அக்கூலியை எண்ணி வாங்கிய கை பெரும்பாலும் வேறு.

சட்டை முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செனாவாங்கில் உள்ள அக்காள் வீட்டிற்கு எடுத்துச் சென்றோம். பழைய தாளை மேலே வைத்துக் கொடுத்தோம். அவர் தாளை எடுத்தார். ஒன்றும் பேசாமல் பார்த்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சட்டையை எடுத்து, முன்புறத்தைப் பாராமல் சட்டென்று உட்புறமாகத் திருப்பினார். நல்ல தையற்காரர் தையலின் முதுகைத்தான் முதலில் பார்ப்பர். யாம் மறைத்த முடிச்சுகளெல்லாம் அங்கே வரிசையாக நின்றன.

"யார் தைத்தது?"

"நான்தான், அக்கா."

"அதுதான் தெரிகிறதே. இந்த இலை என் தாளில் இல்லையே, தம்பி. வெட்டிவிட்டாயா?"

"ஆமாம், அக்கா."

"எத்தனை நாள் ஆயிற்று?"

"ஆறு மாதம்."

அவர் சிரித்தார். "இந்த வேகத்தில் தைத்திருந்தால் உன்னை எப்படிப் படிக்க வைத்திருப்பது?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அவர் கை வலத்தோளின் தையலைத் தடவிற்று. அரை அங்குலத் தாழ்வை அவர் விரல் கண்டுகொண்டது. எம்மை நிமிர்ந்து பார்த்தார். மீண்டும் சட்டையைப் பார்த்தார். அறுபது ஆண்டாக எமக்குள் பேசப்படாதிருந்த ஒன்று அந்தச் சில நொடிகளில் பேசி முடிந்தது.

பின்னர் யாம் மெல்லத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா, அம்மாவின் மெஷினை உங்கள் வீட்டிற்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்" என்றோம். கொடையாளியின் குரல் எம்மிடம் ஒட்டியிருந்தது போலும்.

"அது யாருடைய மெஷின் என்று இப்போதுதான் தெரிந்ததா?" என்றார் அக்காள்.

அதற்கு விடையாக யாம் தலை குனிந்ததே தகுதி. அடுத்த வாரம் யந்திரம் செனாவாங் சென்றது. முழங்கால் வலியால் அவர் இப்பொழுது நெடுநேரம் மிதிப்பதில்லை. ஆயினும் ஞாயிறுதோறும் யாம் அங்குச் சென்று அதன்முன் அமர்கிறோம். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்து எம் பிழைகளைச் சொல்கிறார். அவருடைய பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், வளையத்தைப் பிடித்து ஆட்டப் பழகுகிறான். "பையனுக்கு எதற்கு இது?" என்று அவ்வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் விடை சொல்ல அக்காள் இருக்கிறார். தீபாவளியன்று அவர் அச்சட்டையை அணிந்தார். தாளில் இல்லாத இலையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டார்.

நேயர்களே! உங்கள் வீட்டிலும் விரிப்பு மூடிய யந்திரம் ஒன்று இருக்கக்கூடும். யந்திரம் இல்லையேல் அம்மியோ, பால் வெட்டிய கத்தியோ, வட்டிக்கடைச் சீட்டோ இருக்கும். அதன்முன் அமர்ந்து உழைத்தவர் இன்னும் உயிரோடு இருப்பாராயின், அவரிடம் ஒரு கணக்குக் கேளுங்கள். எத்தனை இரவு, எத்தனை சட்டை, எவ்வளவு கூலி, அது யார் கைக்குப் போயிற்று என்று கேட்டு எழுதி வையுங்கள். பொன்னாடை போர்த்தலும் அன்னையர் தினப் பேச்சும் பிறகு ஆகட்டும். முதலில் கணக்கு நேராகட்டும். எம் வீட்டுக் கூடத்தில் யந்திரம் நின்ற இடத்தில் நான்கு கால்தடங்கள் தரையில் பதிந்திருக்கின்றன. வண்ணம் பூச வந்தவர் அவற்றைத் தேய்த்து நீக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றோம்.